பல் டாக்டரிடம் மகனைப் பொய் சொல்லிக் கூட்டிப் போகலாமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். மாமனார், மாமியாருடன் கூட்டுக் குடும்பம். மகனுக்கு மூன்று வயது ஒன்பது மாதம். அவனுடைய மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிப் பழுப்பு ஏறியிருக்கிறது. ஒன்றின் ஓரம் உதிர்ந்துவிட்டது. கடைவாய்ப் பல் ஒன்றில் சோறு சிக்கிக்கொள்கிறது. கீழ் முன்பற்கள் பளிச்சென்று இருக்கின்றன. வலி என்று இதுவரை அழவில்லை. இரவில் சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் குடித்தபடியே தூங்கிவிடுவான்.

"விழுகிற பல்தானே, ஆறு வயதில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மாமியார். பையன் சாப்பிட மறுத்தால், "டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்கிறேன்" என்று மிரட்டுவது தாத்தாவின் வழக்கம். அவனோ ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறான். மாலுக்குப் போகிறோம் என்று சொல்லி நேரே கிளினிக்கில் உட்காரவைத்துவிடலாம் என்பது கணவரின் யோசனை. இதற்கிடையில், பக்கத்து வீட்டுக் குழந்தையை ஏதோ ஒரு கிளினிக்கில் தாயை வெளியே நிறுத்திவிட்டுக் கை காலைப் பிடித்துக்கொண்டு வைத்தியம் செய்தார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து இந்தத் தாய்க்குத் தூக்கமில்லை. "அவனை எப்படித் தயார்ப்படுத்துவது? நான் உள்ளே இருக்கலாமா? பிடித்துக்கொண்டு செய்யப்போகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாமா? அவனுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், டாக்டர் கன்னடத்தில் பேசினால் என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்று. ஆறு வயது வரை காத்திருக்காதீர்கள். இந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் குறித்துவிடுங்கள். முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் முதல் பிறந்த நாளுக்குள், குழந்தையை ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். நம் வீடுகளில் பெரும்பாலும் குழந்தை வலியால் துடிக்கும்போதுதான் முதல் தடவை அழைத்து வருகிறோம். வலியோடு வருகிற குழந்தைக்கு, பல் மருத்துவரான என் அறையின் எல்லாப் பொருளும் வலியாகத்தான் தெரியும். உங்கள் மகனுக்கு இன்னும் வலி வரவில்லை. அந்த நல்ல நேரம் கையில் இருக்கும்போதே வந்துவிடுங்கள்.

கீழ்ப்பற்கள் பளிச்சென்று இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியிலிருந்தே எனக்கு நிறையத் தெரிந்தது. பாட்டிலைச் சப்பும்போது குழந்தையின் நாக்கு கீழ் முன்பற்களைப் போர்வை போல மூடிக்கொள்கிறது. எச்சில் சுரப்பிகளின் வாயும் அங்கேதான் திறக்கிறது. மேற்பற்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும். இனிப்புப் பால் மேற்பற்களைச் சுற்றி இரவெல்லாம் தேங்கி நிற்கும். ஆகவே இது பாட்டில் பால் சொத்தையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பல்லைப் பூச்சி அரிப்பதாகச் சொல்வார்கள். பல்லுக்குள் பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. வாயிலிருக்கும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. பால் நல்ல உணவு என்று நம்பித்தான் கொடுத்தீர்கள். அதற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். இன்றிரவு முதல் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரு வாரத்தில் பாலைத் தம்ளருக்கு மாற்றி, பல் தேய்ப்பதற்கு முன்பே குடிக்க வையுங்கள். அதற்குப் பிறகும் பாட்டில் கேட்டு அழுதால் அதில் வெறும் தண்ணீர் இருக்கட்டும்.

விழுகிற பல்தானே?

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. முன்பற்கள் ஆறு முதல் எட்டு வயதுக்குள் விழுந்துவிடும். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. சோறு சிக்குகிற அந்தப் பல் இன்னும் ஏறக்குறைய ஏழு வருடம் உங்கள் மகனுக்குச் சோறு மென்று கொடுக்க வேண்டும். அதுவரை நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அதன் வேலை. சொத்தை நரம்பை எட்டிச் சீழ் பிடித்தால், கீழே உருவாகிக்கொண்டிருக்கிற நிரந்தரப் பல்லையும் அது பாதிக்கலாம். முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும்.

இன்னொன்றையும் மாமியாரிடம் சொல்லி வையுங்கள். ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலேயே, வரிசைக்குக் கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால் பல் என்று நினைத்து அதைக் கவனிக்காமல் விட்டுவிட்ட பெற்றோர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

மாலுக்கு என்று சொல்லி அழைத்து வருவது

வேண்டாம். உங்கள் கணவர் மகனுக்கு நல்லது நினைத்துத்தான் சொல்கிறார், தெரிகிறது. இருந்தும் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஐஸ்கிரீம் வாங்கப் போகிறோம் என்று சொல்லி ஒரு சிறுமியை அழைத்து வந்திருந்தார்கள். நான்கு வயது இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். நாற்காலி தெரிந்தது. ஒரு செருப்பு காலில், ஒன்று கையில், அப்படியே நின்றுவிட்டாள். அவள் என்னைப் பார்த்து அழவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதாள். அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்தடுத்த தடவைகளில் என்னிடம் பழகிவிட்டாள். ஆனால் எங்கே கிளம்பினாலும் "எங்கே போகிறோம்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவதாக அந்த அம்மா சொன்னபோது கண் கலங்கினார். பல் மருத்துவரைக் கண்டு பயந்தால் அந்தப் பயத்தை என்னால் போக்க முடியும். அம்மா சொல்வதை நம்பலாமா என்ற சந்தேகம் வந்துவிட்டால் அதை நான் எப்படிப் போக்குவேன்?

உண்மையைச் சின்னதாகச் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்பே சொல்லி ஒவ்வொரு நாளும் நினைக்க வைக்க வேண்டாம். முந்தின நாள் மாலை போதும். "நாளைக்குப் பல் டாக்டரிடம் போகிறோம். அவர் உன் வாயில் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார். நான் உன் பக்கத்திலேயே இருப்பேன்." இவ்வளவுதான். "வலிக்காது", "பயப்படாதே", "ஊசி கிடையாது" என்ற சொற்களை விட்டுவிடுங்கள். மூன்று வயதுக் குழந்தையின் காதில் "வலிக்காது" என்பதில் வலிதான் விழும். அவனே "ஊசி போடுவாரா?" என்று கேட்டால், "நாளைக்குப் பார்க்கத்தான் போகிறோம். எது செய்வதாக இருந்தாலும் முதலில் உன்னிடம் சொல்லச் சொல்கிறேன்" என்று பதில் சொல்லுங்கள். உங்களால் காப்பாற்ற முடிகிற வாக்கு அது. வழக்கமாக முதல் தடவை பார்ப்பது, எண்ணுவது, தேவைப்பட்டால் ஓர் எக்ஸ்ரே எடுப்பது, மருந்துப் பூச்சு ஒன்று தடவுவது, இவற்றோடு முடிந்துவிடும். எங்கள் படிப்பில் இதற்கு எளிய பாடம் ஒன்று உண்டு: சொல், காட்டு, பிறகு செய். பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் காட்டி, அது என்ன என்று சொல்லி, அவன் விரல் நகத்தில் தொட்டுக் காட்டி, அதற்குப் பிறகுதான் அது வாய்க்குள் போகும்.

தாத்தாவின் மிரட்டலை நிறுத்தியாக வேண்டும். இதை நீங்கள் சொன்னால் மனத்தாங்கல் வரக்கூடும். உங்கள் கணவர் தன் அப்பாவிடம் தனியாகச் சொல்லட்டும். கூடவே தாத்தாவுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பையன் உங்கள் மடியில் தலை வைத்துப் படுக்கட்டும். தாத்தா டார்ச் அடிக்கட்டும். ஒரு எவர்சில்வர் ஸ்பூனின் பின்பக்கத்தை அவன் கன்னத்தின் உள்ளே மெல்ல வைத்து எண்ணுங்கள்: மேலே பத்து, கீழே பத்து, மொத்தம் இருபது. பிறகு அவன் எண்ணட்டும், தாத்தா வாயைத் திறக்கட்டும். ஐந்து நிமிடம், இரண்டு மூன்று நாள் போதும்.

ஓசைகளுக்கும் பழக்கலாம். எங்கள் கருவி மிக்ஸி போலச் சத்தம் போடும். எச்சிலை உறிஞ்சும் குழாயின் சத்தம், இளநீர் தீர்ந்துபோகும்போது ஸ்ட்ராவில் வருகிற சத்தமேதான். அடுத்த தடவை இளநீர் வாங்கிக் கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள். கிளினிக்கில் அந்தச் சத்தம் கேட்டதும் அவனே அடையாளம் கண்டுகொள்வான்.

மொழியைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. அல்சூர்ப் பக்கம் தமிழ் பேசுகிற டாக்டரோ உதவியாளரோ கிடைப்பது கஷ்டமில்லை. போன் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டாலும் நான்கு கன்னடச் சொற்களை விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் போதும். நம் பல் அங்கே ஹல்லு. வாய் அங்கே பாயி. "பாயி தெகி" என்றால் வாயைத் திற. வலிக்குக் கன்னடத்தில் நோவு என்பார்கள். நம் பாட்டிகள் சொல்கிற அதே நோவுதான். டாக்டர் சொல்வதை நீங்கள் தமிழில் சொல்லும்போது அவர் சொன்ன அளவுக்கே சொல்லுங்கள். அவர் ஐந்து சொல் பேசினால் நீங்கள் ஐம்பது பேச வேண்டாம். ஒரு குரல் போதும் அவனுக்கு.

உள்ளே இருப்பதும், வேண்டாம் என்று சொல்வதும்

நாள் குறிக்கப் போன் செய்யும்போதே, "முதல் தடவை நான் உள்ளே இருக்கலாமா?" என்று கேளுங்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் தாயோ தந்தையோ உடன் இருப்பதையே நான் விரும்புவேன். தாய் வெளியே போனதும் அடங்கிவிடுகிற குழந்தைகளும் உண்டு, பெரும்பாலும் ஐந்து வயதுக்கு மேல். அதனால் வெளியே இருக்கச் சொல்கிற மருத்துவர் எல்லாருமே கெட்டவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். காரணம் கேளுங்கள். காரணம் சொல்லாமல், கட்டாயம் வெளியே போங்கள் என்றால் வேறு இடம் பாருங்கள்.

பிடித்துக்கொள்வதில் மூன்று நிலைகள் இருக்கின்றன. மருத்துவரும் நீங்களும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்து, குழந்தை உங்கள் மடியில் அமர்ந்து அவர் மடியில் தலை சாய்க்க, நீங்கள் அவன் கைகளை லேசாகப் பிடித்திருக்க, இரண்டு நிமிடத்தில் பற்களைப் பார்த்துவிடுவது ஒன்று. சின்னக் குழந்தைகளுக்கு இது வழக்கமான முறை. கொஞ்சம் அழுதாலும் கெடுதல் இல்லை. விழுந்து பல் உடைந்திருக்கிறது, முகம் வீங்கியிருக்கிறது என்கிற அவசரத்தில், உங்கள் சம்மதத்தோடு சிறிது நேரம் பிடித்துக்கொள்வது இரண்டாவது. அவசரமே இல்லாத சொத்தைக்காக, கதறுகிற குழந்தையைக் கட்டிவைத்து முடிப்பது மூன்றாவது. அதற்கு நீங்கள் சம்மதிக்கத் தேவையில்லை. சத்தம் போடாமல் இருக்கக் குழந்தையின் வாயைக் கையால் பொத்துகிற முறையும் ஒரு காலத்தில் எங்கள் பாடப் புத்தகங்களில் இருந்தது. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி 2006-இல் அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கிவிட்டது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. குழந்தைக்காகச் சம்மதம் கொடுக்க வேண்டியவர்கள் பெற்றோர். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தைச் சிகிச்சைக்கும் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பார்க்க வந்த அன்றே "ஆரம்பித்துவிடலாம்" என்றால், "எழுதிக் கொடுங்கள், வீட்டில் பேசிவிட்டு வருகிறோம்" என்று சொல்லலாம். எக்ஸ்ரே பிரதி, சிகிச்சைத் திட்டம், செலவு விவரம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இன்னொரு மருத்துவரிடம் காட்டி வருவதில் தவறே இல்லை. நடுவில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. பல் திறந்த நிலையில் இருந்தால் தற்காலிகமாக அடைத்துவிட்டுத்தான் நிறுத்த முடியும். அந்த நேரத்தை அவருக்குக் கொடுங்கள்.

என்ன சிகிச்சை என்பதைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. என்னென்ன வழிகள் உண்டு என்று தெரிந்துகொண்டு போனால் அங்கே தடுமாற மாட்டீர்கள். சொத்தை மேலோட்டமாக இருந்தால், பல்லை உறுதியாக்கும் ஃப்ளோரைடு கலந்த பூச்சை (வார்னிஷ்) தடவுவார்கள். ஒரு நிமிட வேலை. வெள்ளி கலந்த ஃப்ளோரைடு திரவம் ஒன்று இருக்கிறது. ஊசியும் வேண்டாம், குடையவும் வேண்டாம். பெரும்பாலும் சொத்தை பரவாமல் நின்றுவிடும். பட்ட இடம் கறுத்துவிடும் என்பதால் முன்பல்லுக்குப் பூசுமுன் அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். கடைவாய்ப் பல்லை, குடையாமலேயே உலோகத் தொப்பி போட்டு மூடுகிற முறையும் உண்டு. நரம்பு வரை போயிருந்தால் பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்யலாம்.

பல பற்களுக்கு வேலை இருந்து, குழந்தையும் ஒத்துழைக்க முடியாத வயதில் இருந்தால், முழு மயக்கத்தில் ஒரே நாளில் முடிப்பதும் நியாயமான வழிதான். அப்படிச் சொன்னால் பணம் பிடுங்கத்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மருத்துவமனையில்தானே செய்வீர்கள், மயக்க மருந்து நிபுணர் முழு நேரமும் இருப்பாரா, வேறு வழி ஏன் இல்லை என்ற மூன்றையும் கேளுங்கள்.

குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்தவராகப் பார்ப்பது நல்லது. தனியார் செலவு கட்டுப்படியாகாவிட்டால், கே.ஆர். மார்க்கெட் அருகே விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காத்திருக்க நேரும், பட்டமேற்படிப்பு மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் பார்ப்பார்கள். கட்டணம் குறைவு.

ஃப்ளோரைடும் தருமபுரியும்

ஃப்ளோரைடு இல்லாத மூலிகைப் பேஸ்ட்தான் கொடுக்கிறேன், ஊரில் எத்தனையோ பேருக்குப் பல் பழுப்பானதைக் கண்ணால் பார்த்தவள் நான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்தப் பாதிப்புக்காக வந்ததுதானே. ஆனால் அங்கே கெடுத்தது நிலத்தடி நீர். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக்கூடாது. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகிற வயதில் வருடக்கணக்கில் குடித்ததால், அதிலேயே சமைத்ததால் வந்த கறை அது. 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டில் ஒரு துவரம்பருப்பு அளவு எடுத்தால் அதில் கால் மில்லிகிராம்கூடப் பெரும்பாலும் இருக்காது. அதிலும் பெரும்பகுதியை அவன் துப்பிவிடுவான். உங்கள் மகனின் வயதுக்கு அந்த அளவு சரி. மூன்று வயதுக்குக் கீழே என்றால் ஓர் அரிசி மணி அளவு. காலையும் இரவும், பெரியவர் கையால் தேய்த்துவிட வேண்டும். ஏழு, எட்டு வயது வரை அவன் தானாகத் தேய்ப்பதை விளையாட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருவது போர்வெல் தண்ணீரா, டேங்கர் தண்ணீரா, காவிரித் தண்ணீரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

போகிற நாள்

காலை நேரம் கேளுங்கள். சனிக்கிழமை மாலைக் கூட்டம் வேண்டாம். சாப்பிட்டு, தூங்கி எழுந்த குழந்தையாக வரட்டும். நீங்களோ கணவரோ, இருவரில் பதற்றம் குறைவானவர் உள்ளே வாருங்கள். அவன் நாற்காலியில் ஏற மறுத்தால் உங்கள் மடியிலேயே பார்க்கலாம். வாயே திறக்காவிட்டாலும் அன்றைய நாள் வீணாகிவிடவில்லை. வந்தான், அறையைப் பார்த்தான், யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த தடவை திறப்பான். வீட்டுக்குப் போனதும் "நீ அழவே இல்லை" என்று இல்லாததைப் புகழாதீர்கள். "வாயை நன்றாகத் திறந்து காட்டினாய்" என்று செய்ததைச் சொல்லுங்கள். மரத்துப்போகும் ஊசி போட நேர்ந்தால், உதடு மரத்திருக்கிற இரண்டு மூன்று மணி நேரம் அவன் அதைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறித்த நாளுக்கு முன்பே முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஈறில் கொப்புளம் தெரிந்தாலோ, இரவில் வலியால் எழுந்து அழுதாலோ இந்தத் தயாரிப்பையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அன்றே போய்விடுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், அவன் எங்கே போனாலும் ஒரு பொம்மை பஸ்ஸைக் கையில் வைத்திருப்பான், அதைக் கொண்டுவந்தால் டாக்டர் திட்டுவாரா என்று கேட்டிருந்தீர்கள். அவசியம் கொண்டுவரட்டும். இரண்டு கையாலும் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழந்தை, கண்ணாடியைத் தட்டிவிடக் கையைத் தூக்குவதில்லை.